டேங்குக்கு எத்தனை மூடி?

பழனியம்மாளின் வெங்காயத்தை அழித்தது திருகல் நோய் இல்லை. உங்களில் ஒருவர்தான் அழித்தார்.

வேளாண் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உதவி அலுவலர்கள் படிப்பதற்கு என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவன், நாலு நல்ல வார்த்தை எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் முப்பது வருடம் வெயிலில் சுற்றி, பூச்சிக்கும் நோய்க்கும் மருந்து அளவு சொன்னவன் நான். எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் முழுதும் படியுங்கள்.

அந்த ஒருவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருக்கே தெரியும். அவர் செய்த தப்பு எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் இருபது வருடத்துக்கு முன்னால் அதே தப்பை நான் செய்தேன். என்னைத் தடுக்க ஓர் அம்மா இருந்தார். அவரைத் தடுக்க யாரும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்றால் இந்தக் கட்டுரையே வேண்டியதில்லை. தப்புக்குப் பிறகு செய்தது வேறு.

முதலில் என் கதை.

செட்டிகுளம் மலை தெரிகிற ஓர் ஊர். இந்தப் பக்கத்தில் விளைநிலத்தைப் பேச்சில் காடு என்றுதான் சொல்வார்கள். சின்ன வெங்காயம் போட்ட காடெல்லாம் இலைப்பேன் பூச்சி விழுந்து வெங்காயத் தாள் வெளுத்துக்கொண்டிருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு புது மருந்துக்குச் சுற்றறிக்கை வந்தது. ஏக்கருக்கு மூன்று பாட்டில். பவர் ஸ்பிரேயர் என்கிற மோட்டார் தெளிப்பானில் அடித்தால், முதுகில் மாட்டுகிற டேங்க் ஏக்கருக்குப் பத்து, பாட்டில் மூடியால் அளந்து டேங்குக்கு மூன்று மூடி. ஒரு பாட்டிலில் பத்து மூடி மருந்து இருக்கும். ஆக முப்பது மூடி, மூன்று பாட்டில். சரியாக இருக்கிறது.

ஆனால் அந்த ஊரில் அப்போது பவர் ஸ்பிரேயர் கிடையாது. எல்லாம் கையால் அடிக்கிற தெளிப்பான். டேங்க் அளவு ஒன்றுதான், ஆனால் கைத்தெளிப்பானில் துளி பெரிதாக விழும், தண்ணீர் அதிகம் பிடிக்கும். ஏக்கருக்குப் பதினைந்து டேங்க். அப்படியென்றால் டேங்குக்கு எத்தனை மூடி?

நான் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. என் அப்பா வரதராசன்பேட்டைப் பக்கம் கணக்கு எடுத்தவர். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கச் சொன்னால் தூக்கத்திலும் தலைகீழாகப் போட்டுப் பெருக்கிவிடுவேன். அதற்குத் தலைகீழி என்று பெயர் என்றும் சொல்வேன். எதற்காக, எப்போது திருப்ப வேண்டும் என்பதை மட்டும் நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பரீட்சையில் யாரும் கேட்கவில்லை.

அன்று காலை ஊர்ச் சாவடியில் என்னைச் சுற்றிப் பத்துப் பேர். சார், எனக்கு, சார், எனக்கு. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பத்து டேங்க் பதினைந்து டேங்க் ஆகிறது, ஒன்றரை மடங்கு. மருந்தும் ஒன்றரை மடங்கு. மூன்று மூடி, நாலரை மூடி. ஐந்து பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். டேங்குக்கு நாலரை மூடி. கையெழுத்தும் போட்டேன்.

பிறகு அந்த ஐந்தில் ஒரு காட்டுக்கு நானே போனேன், தெளிப்பதைப் பார்க்க. மோட்டார் கொட்டகை ஓரம் ஓர் அம்மா உட்கார்ந்து மருந்து கலக்க ஆயத்தமாக இருந்தார். நாற்பது வயது இருக்கும். கூலிக்கு வருகிறவர். தெளிக்கிறது ஆண்கள், மருந்தை அளந்து தண்ணீரில் கலந்து கொடுப்பது அவர். பெயரை எழுதாதே என்று சொல்லிவிட்டார். "பேர் போட்டீங்கன்னா நாளைக்கு வர்ற ஆபீசரெல்லாம் என் வூட்டு வாசல்ல நிப்பாங்க சார், வேலைக்குப் போவ வேணாமா?" என்றார். அதனால் அந்தம்மா என்றே எழுதுகிறேன்.

அந்தம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதை நான் அதற்கு முன்னால் எங்கும் பார்த்ததில்லை. மருந்துப் பாட்டிலிலிருந்து நேராக டேங்கில் ஊற்ற மாட்டார். அந்தக் காட்டுக்கு மொத்தம் எவ்வளவு மருந்தோ அதை முதலில் தனியாக எடுத்து வைப்பார். அதிலிருந்துதான் மூடி மூடியாக எடுப்பார். கடைசி டேங்க் கலக்கும்போது எடுத்து வைத்த மருந்து சரியாகத் தீர வேண்டும். மிச்சம் இருந்தாலும் தப்பு, முன்னாலேயே தீர்ந்தாலும் தப்பு.

அன்று மூன்று பாட்டிலையும் வரிசையாக வைத்திருந்தார். என் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"நாலரையா?"

"ஆமா. நாலரை."

"பதினஞ்சு டேங்குங்க சார்."

"தெரியும். அதனாலதான் நாலரை."

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரலை மடக்கினார். "அறுவத்தேழர மூடி வருது. ஆறே முக்கா பாட்டிலு. நீங்கதான மூணு பாட்டில் வாங்கச் சொன்னீங்க?"

களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"என்னம்மா, எனக்குக் கணக்கு சொல்லித் தர்றியா?" என்றேன். எரிச்சல்.

"அய்யோ, சொல்லித் தரல சார். கேக்குறேன். பாட்டில்ல இல்லாத மருந்த நான் எங்கேருந்து ஊத்தறது?"

ஒருத்தி சிரித்தாள். "அக்கா, சார் வூட்டுலேருந்து கொண்டாருவாரு, ஊத்து" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தம்மா சிரிக்கவில்லை. "காடு பெருசாவலயே சார். அதே ஒரு ஏக்கருதான? தண்ணிதான கூடுது?" என்றார்.

அங்கே நின்றபடியே எனக்குப் புரிந்தது. காதெல்லாம் சூடானது. தண்ணீர் ஒன்றரை மடங்கு ஆனால், அதே மருந்து அதிகத் தண்ணீரில் பரவ வேண்டும். ஒவ்வொரு டேங்குக்கும் குறையத்தான் வேண்டும். டேங்க் கணக்கை ஒன்றரையால், அதாவது 3/2 ஆல் பெருக்கியிருக்கிறோம். அப்படியானால் மருந்தை அதைத் தலைகீழாகத் திருப்பி 2/3 ஆல் பெருக்க வேண்டும். மூன்று மூடியை மூன்றாகப் பிரித்து அதில் இரண்டு. டேங்குக்கு இரண்டு மூடி. பதினைந்து டேங்குக்கு முப்பது மூடி. மூன்று பாட்டில். அந்த இரண்டு பின்னத்தையும் பெருக்கினால் ஒன்று வர வேண்டும். அந்த ஒன்று வேறு எதுவும் இல்லை. அது அந்த ஏக்கர். காடு மாறாது. ஒன்று எந்தப் பக்கம் போகிறதோ, மற்றது அதற்கு எதிர்ப் பக்கம் வந்தால்தான் காடு காடாக இருக்கும். தலைகீழி என்பது இதுதான். நான் தண்ணீர் போன பக்கமே மருந்தையும் ஓட்டியிருந்தேன்.

என் அப்பா பத்து வருடம் சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு நிமிடத்தில்தான் என் மண்டைக்குள் இறங்கியது. இறக்கி வைத்தது அவர் இல்லை, அந்தம்மா.

"ரெண்டு மூடிம்மா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று மூடியைத் திறந்தவர் கை நின்றது. "சார், இந்தச் சீட்டு வேற யாருக்குக் குடுத்தீங்க?"

நாலு பேருக்கு.

இளையவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். தப்பு நடந்தது தெரிந்ததும் மூளை என்ன செய்கிறது என்று சொல்கிறேன். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழி தேடும். என் மூளை முதலில் யோசித்தது வெங்காயத்தை இல்லை. அந்த நாலு பேரில் ஒருவர் கட்சிக்காரர், கலெக்டர் ஆபீஸ் வரை போவார். முதலில் அவர் காட்டுக்குப் போக வேண்டும் என்று வண்டியைக் கிளப்பினேன். எல்லோரிடமும் செல்போன் இருந்த காலம் இல்லை. ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும்.

"எங்க சார் போறீங்க?" என்றார் அந்தம்மா.

சொன்னேன்.

"அவரு கெழக்குக் காடு. அங்க மோட்டாருக்கு மத்தியானந்தான் கரண்டு. தண்ணி இல்லாம அவரு என்னாத்த அடிப்பாரு? குந்தியிருப்பாரு." பேசிக்கொண்டே கையைக் கழுவினார். "மேற்க ரெண்டு பேருக்குக் கரண்டு வந்துட்டுது. ஆனா அவங்களுக்கும் முந்தி ஆயில் இஞ்சின்காரருகிட்ட போவணும். அவரு கரண்டுக்கே காத்திருக்க மாட்டாரு. விடிஞ்சதும் ஓட்டியிருப்பாரு. வண்டிய எடுங்க, வழி நான் சொல்றேன்."

பின்னால் ஏறிக்கொண்டார். அவருடைய அன்றைய வேலை அங்கே கிடந்தது. யாரும் அவரை வரச் சொல்லவில்லை. தப்பு அவருடையது இல்லை. ஐந்தாம் வகுப்பு படித்த அந்தம்மாவுக்கு எந்தக் காட்டில் எப்போது தண்ணீர் ஓடும் என்பதும், தண்ணீர் ஓடுகிற காட்டில்தான் ஆபத்து என்பதும் ஒரு நொடியில் தெரிந்தது. பட்டம் வாங்கிய எனக்கு யார் புகார் கொடுப்பார் என்பது மட்டும் தெரிந்தது.

அவர் சொன்னது சரி. ஆயில் இஞ்சின்காரர் இரண்டு டேங்க் அடித்து முடித்து, மூன்றாவதை முதுகில் மாட்டியிருந்தார். அந்தம்மா வண்டி நிற்பதற்குள் குதித்து வரப்பில் ஓடினார்.

"மாமா, எறக்குங்க! எறக்குங்க! மருந்து சாஸ்தி!"

"ஆபீசரு சீட்டுல நாலரன்னு..."

"ஆபீசரு பின்னாடிதான் வர்றாரு, அவரையே கேளுங்க!"

நான் போய் நின்றேன். பொய் சொல்ல ஒரு நல்ல வாய்ப்பு அது. சுற்றறிக்கையில் அச்சுப் பிழை என்று சொல்லியிருக்கலாம். அந்தம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கணக்கு தப்புங்க" என்றேன். "ரெண்டு மூடிதான் ஊத்தணும்."

அவர் என்னைத் திட்டவில்லை. தெளித்த பாத்திகளில் உடனே நல்ல தண்ணீரைத் தெளித்துக் கழுவச் சொன்னேன். நானும் ஒரு டேங்கை மாட்டிக்கொண்டு கழுவினேன். பிறகு மேற்கே இரண்டு காடு. ஒருவர் அப்போதுதான் மூடியைத் திறந்திருந்தார். இன்னொருவர் டீ குடிக்கப் போயிருந்தார், அவருடைய டீக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். கடைசியில் கிழக்குக் காட்டுக் கட்சிக்காரர். கட்டிலில் உட்கார்ந்து கரண்டுக்குக் காத்திருந்தார்.

மொத்தத்தில் ஆயில் இஞ்சின்காரர் காட்டில் சில பாத்தி மட்டும் தாள் நுனி கருகியது. மற்றதெல்லாம் பிழைத்தது.

திரும்பி வரும்போது அந்தம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "சார், ஆபீஸ்ல எழுதறப்ப இஞ்சின்காரரு தப்பா அடிச்சிட்டாருன்னு எழுதிராதீங்க. எப்பவும் அப்டித்தான் எழுதறாங்க."

அந்த வாக்கியம் என் தலையில் தயாராக இருந்தது. 'விவசாயி பரிந்துரைத்த அளவைப் பின்பற்றவில்லை.' எத்தனை அறிக்கையில் எழுதியிருக்கிறேன்! பேனா தானாக எழுதும். அன்று மாலை ஆபீசில் ஒரு மணி நேரம் அந்தக் காகிதத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: அளவு கணக்கிட்டதில் பிழை என்னுடையது.

மேலதிகாரி கூப்பிட்டுக் கத்தினார். "யாரும் கேக்காதப்ப நீயா ஏன்யா எழுதற? பைத்தியமா?" விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். விளக்கமும் எழுதினேன். நான் சாகவில்லை. என் வேலையும் போகவில்லை. அடுத்த பருவத்தில் அதே ஆயில் இஞ்சின்காரர் புதுப் பாட்டிலோடு என்னைத் தேடி வந்தார். "நீங்க தப்பச் சொல்லிக் குடுத்தாலும் வந்து சொல்லிடுவீங்க, அதான் ஒங்ககிட்ட வந்தேன்" என்றார். முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான். மற்றதெல்லாம் சால்வை.

அதன் பிறகு எந்தக் காட்டுக்குப் போனாலும் அந்தம்மா வழிதான். மொத்தத்தை முதலில் எடுத்து வை. கடைசியில் அது சரியாகத் தீருகிறதா பார். ஒருமுறை முக்கால் ஏக்கர் காட்டில் பாதிதான் வெங்காயம், மீதி மக்காச்சோளம். ஏக்கருக்கு மூன்று பாட்டில் என்றால் இதற்கு எவ்வளவு என்று நான் தாளில் பின்னம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தம்மா ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார், இன்னொரு காலிப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றினார். "முக்கால்ல பாதி காலே அரைக்காலு. அதுக்கு மூணு மடங்கு. ஒரு பாட்டிலும் அரைக்கா பாட்டிலும்" என்றார். நான் மூன்றை மூன்றால் பெருக்கி, எட்டால் வகுத்து, ஒன்றும் எட்டில் ஒன்றும் (அவருடைய அரைக்கால்) என்று அதே விடைக்கு வந்து சேர்ந்தபோது அவர் மூன்றாவது டேங்க் கலந்துகொண்டிருந்தார். "வாத்தியார் மவனா நீங்க? பாஸ் போட்டது யாரு சார்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குக் கோபம் வராத ஒரே ஆள் அவர்தான்.

இப்போது பழனியம்மாளுக்கு வருகிறேன்.

இந்தப் பருவம் அதே ஊரில் திருகல் நோய் விழுந்தது. வெங்காயத் தாள் முறுக்கிக்கொண்டு படுத்துவிடும், காய் பிடிக்காது. பழனியம்மாள் ஓர் ஏக்கர்காரர், தனி ஆள். உங்களில் அந்த ஒருவரிடம் கேட்டார். மருந்து வேறு, அளவு என் கதையில் வந்த அதே அளவுதான்: ஏக்கருக்கு மூன்று பாட்டில், கைத்தெளிப்பானுக்கு டேங்குக்கு இரண்டு மூடி. ஆனால் பழனியம்மாளிடம் இப்போது பவர் ஸ்பிரேயர் இருக்கிறது. பத்து டேங்க் போதும். அப்படியென்றால் டேங்குக்கு மூன்று மூடி. அந்த ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பியது என்ன? தண்ணீர் மூன்றில் இரண்டு பங்கு, அதனால் மருந்தும் மூன்றில் இரண்டு பங்கு. டேங்குக்கு ஒன்றேகால் மூடி.

அதே தப்பு. நான் அதிகப் பக்கம் போனேன், அவர் குறைவுப் பக்கம் போனார். மருந்து பாதிக்கும் கீழே போனது. நோய் நின்று தின்றது.

பழனியம்மாள் சொன்னபடி அடித்தார். காடு படுத்தது. சேதக் கணக்கெடுப்பு வந்தபோது அவர் பெயர் நிவாரணப் பட்டியலில் இல்லை. அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். 'விவசாயி காலம் தாழ்த்தி, பரிந்துரைத்த அளவைப் பின்பற்றாமல் தெளித்துள்ளார்.'

ஊரில் எல்லோரும் அதை நம்பினார்கள். பழனியம்மாளே நம்ப ஆரம்பித்துவிட்டார். "நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன் போல" என்று அழுதிருக்கிறார். அங்கே போன அந்தம்மா மட்டும் மோட்டார் கொட்டகையில் மாடத்தைப் பார்த்திருக்கிறார். எனக்குப் போன் வந்தது.

"சார், பாட்டில் மிச்சம் இருக்கு சார்."

"எவ்ளோம்மா?"

"ஒண்ணு சீலே ஒடைக்கல. ஒண்ணுல முக்காவாசி. மூணு வாங்கியிருக்கா, ஒண்ணேகாலுதான் போயிருக்கு. ஒரு ஏக்கருக்கு! மருந்தே போவலயே சார், காடு எப்டிப் பொழைக்கும்?"

இப்போது நான் இருக்கும் ஆண்டிமடத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். அரியலூரில் மாறி, பெரம்பலூரில் மாறி. பாட்டிலைப் பார்த்தேன். பழனியம்மாள் போனில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். தெளித்த தேதியையும் பார்த்தேன். செய்தி வந்த மறுநாளே தெளித்திருக்கிறார். என்ன தாமதம்?

பிறகு அந்த ஒருவருக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினேன்.

"சார், நீங்க ரிட்டயர்டு. எதுக்கு இதுல வர்றீங்க?" என்றார்.

"தம்பி, ஒண்ணேகால் மூடின்னு அனுப்பியிருக்கீங்க. மூணு வரணும்."

"பத்து டேங்க்... முப்பது மூடி..." என்று அவர் முணுமுணுத்தது கேட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முணுமுணுப்பு எனக்குத் தெரியும், நானும் ஒரு காட்டில் நின்றிருக்கிறேன். ஆனால் அவர் சொன்னது: "ரிப்போர்ட் போயிடுச்சு சார். இனிமே மாத்துனா எனக்குத்தான் பிரச்சனை."

கணக்குத் தப்புவது குற்றம் இல்லை. எனக்கே தப்பியது. தலைகீழி எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று இந்தத் துறையில் பாதிப் பேருக்குத் தெரியாது, கேட்டால் செல்போனைத் தட்டுவீர்கள். தட்டுங்கள். ஆனால் கடைசியில் ஒருமுறை பெருக்கிப் பாருங்கள்: டேங்குக்கு இவ்வளவு, இத்தனை டேங்க், அந்தக் காட்டுக்கான மருந்து வருகிறதா? பத்து டேங்குக்கு ஒன்றேகால் மூடி. பன்னிரண்டரை மூடி. மூன்று பாட்டில் எங்கே, இது எங்கே? இதைப் பார்க்கப் பட்டம் வேண்டாம். அந்தம்மாவிடம் இல்லை.

தப்பை ஏக்கர்காரி தலையில் எழுதியது குற்றம். அதை இனிமேலும் அங்கேயே விட்டு வைத்திருப்பது பெரிய குற்றம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் பழனியம்மாள் வருகிறார். அவர் கையில் அந்த இரண்டு பாட்டிலும் இருக்கும், சீல் உடைக்காத ஒன்றும் குறையாய் ஒன்றும். பக்கத்தில் அந்தம்மா உட்கார்ந்திருப்பார், அவருக்குப் பக்கத்தில் நான். மேசை மேல் பாட்டிலை வைப்போம்.

தம்பி, நீங்களும் அங்கே இருப்பீர்கள். மைக்கை உங்களிடம் கொடுக்கச் சொல்வேன். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள். பழனியம்மாள் காட்டுக்கு எத்தனை பாட்டில் மருந்து போயிருக்க வேண்டும்? எத்தனை போனது? யார் சொல்லி?